உருமாறும் கோமாரி: ஊசியின் கணக்கு மட்டும் போதாது

மருத்துவ விஞ்ஞான வரலாற்றிலே செகந்திராபாத் நகருக்குத் தனியிடம் ஒன்று உண்டு. 1897 ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 ஆம் நாளன்று, அந்நகரை அடுத்த பேகம்பேட்டையில், ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் நோய்க் கிருமி வளர்ந்திருப்பதைக் கண்டார். கிருமி எவ்விடத்தில் ஒளிந்து வாழ்கிறது என்பது விளங்கிய பின்னரே அதனை எவ்வாறு தாக்கலாம் என்பதும் விளங்கிற்று.

அதே காலத்தில் ஜெர்மனியில் லோஃப்ளர், ஃபிராஷ் என்னும் அறிஞர் இருவர், மாடுகளைத் தாக்கும் கோமாரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தனர். கொப்புள நீரை, பாக்டீரியாக்கள் நுழைய இயலாத நுண்ணிய வடிகட்டியில் வடித்த பின்னரும், அந்நீர் கன்றுகளுக்கு நோயை உண்டாக்குவதைக் கண்டு 1898 இல் அவர்கள் வெளியிட்டனர். விலங்குகளைப் பற்றும் நோய்களுள் வைரஸால் விளைவது என முதன்முதல் மெய்ப்பிக்கப்பெற்றது கோமாரியே ஆகும்.

அன்று தொடங்கி இன்றுவரை 125 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியம் 1982 இல் ஹைதராபாத்தில் நிறுவிய இந்தியன் இம்யூனோலாஜிக்கல்ஸ் தொழிற்சாலையில் கோமாரித் தடுப்பு மருந்து பேரளவில் உற்பத்தி செய்யப்பட்டு வருகிறது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், ஆறு மாதங்களுக்கு ஒரு முறை கோடிக்கணக்கான மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி போட வகை செய்யப்பட்டது. இத்துணை முயற்சிக்குப் பின்னரும் இந்நோய் ஏன் முற்றிலும் அகலவில்லை? இவ்வினாவுக்கு உரிய விடை வைரஸின் இயல்பில் இருக்கிறது. அவ்விடையை உணர்ந்தால், கள ஊழியரின் பணி ஊசி போடுவதுடன் முடிவடைவதில்லை என்பதும் தெளிவாகும்.

நோயும் நஷ்டமும்

தமிழ்நாட்டில் கோமாரி என்றும் காணை என்றும் வழங்கும் இந்நோயைத் தெலுங்கு மக்கள் 'காலிகுண்டு' என்பர். அம்மொழியில் 'காலி' என்பது காற்று; 'குண்டு' என்பது நொண்டுதலைக் குறிப்பது. காற்றிலே பரவி மாட்டை நொண்டச் செய்யும் நோய் என்று, வைரஸ் என்னும் சொல்லே பிறவாத காலத்தில் மக்கள் கண்டறிந்து பெயரிட்டது வியத்தற்குரியது.

நோயுற்ற மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் வரும். நாக்கிலும் ஈறுகளிலும் குளம்புகளின் இடையிலும் கொப்புளங்கள் எழும். வாயிலிருந்து உமிழ்நீர் நூலாக ஒழுகும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இறப்பதில்லை. ஆயினும் இளங்கன்றுகளின் இதயத் தசையை வைரஸ் தாக்குவதால் அவை திடீரென மாள்வதுண்டு. பிழைத்த பசுவின் பால் வெகுவாகக் குறைகிறது, சினைமாடு கருச்சிதைவுறுகிறது, உழவு மாடு ஏர் இழுக்கும் வலிமையை இழக்கிறது, சில மாடுகள் பின்னர் வெயிலைத் தாங்காமல் எந்நேரமும் இரைக்கின்றன. இரண்டு எருமைகளின் பாலை விற்றுக் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, இறவாத எருமையின் வற்றிய மடியும் பெருநஷ்டமே. மரண எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்நோயைச் சிறிதென எண்ணுவது தவறு.

வைரஸின் நான்கு தந்திரங்கள்

மாட்டின் உடல் காவலற்றதன்று. அந்நியப் பொருள் ஒன்று உட்புகுந்தால், தாக்கப்பட்ட உயிரணு இன்டர்ஃபெரான் எனப்படும் புரதத்தைச் சுரந்து அண்டை உயிரணுக்களை எச்சரிக்கிறது. சில நாட்களில், அந்த அந்நியப் பொருளின் வடிவத்துக்குப் பொருந்திய எதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்தில் தோன்றி அதனைப் பற்றிச் செயலற்றதாக்குகின்றன. இவ்விருவகைக் காவலையும் கோமாரி வைரஸ் ஏய்க்கும் முறைகள் நான்கு.

முதலாவது, எச்சரிக்கைக் குரலை அடக்குதல். இவ்வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்தவுடன் கத்தரிபோன்ற புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. உயிரணு தன் புரதங்களைத் தயாரிக்க இன்றியமையாத ஒரு பாகத்தை இது வெட்டிவிடுகிறது. அதனால் இன்டர்ஃபெரான் உற்பத்தி தடைப்படுகிறது. வைரஸோ தன் புரதங்களை அப்பாகம் முழுமையாக இல்லாமலே வேறு வழியில் தயாரித்துக்கொள்ளும் அமைப்பு உடையது. வீட்டின் விளக்கை அணைத்துவிட்டுத் தன் கைவிளக்குடன் நடமாடும் திருடனை இது ஒக்கும். எதிர்ப்புப் பொருள்கள் போதிய அளவில் தோன்றுமுன்னரே வைரஸ் பல்கிப் பெருகி விடுகிறது. கொப்புளம் கண்ணுக்குப் புலனாகுமுன்னரே மூச்சிலும் பாலிலும் வெளிப்படத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, ஓயாது உருமாறுதல். கோமாரி வைரஸின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 8,400 எழுத்துக்கள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையில் எழுதப்பட்டுள்ளது. அவ்விழையைப் படியெடுக்கும் புரதத்துக்குப் பிழை திருத்தும் ஆற்றல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் சராசரியாக ஓர் எழுத்தளவில் பிழை நேர்கிறது எனலாம். பிழைபட்ட படிகளிற் பெரும்பாலானவை பயனற்று ஒழிகின்றன. ஆனால் எதிர்ப்புப் பொருள் வந்து பற்றும் இடத்தில் நேர்ந்த மாற்றம் சில வைரஸ்களுக்கு நலம் பயக்கிறது. எதிர்ப்புப் பொருள் நிறைந்த உடலில் பழைய வடிவம் அழிய, புதிய வடிவம் தப்பிப் பெருகுகிறது.

மூன்றாவது, மாற்றக்கூடாததை மாறுவனவற்றுக்கு நடுவே வைத்தல். வைரஸ் துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் 30,000 பங்கில் ஒரு பங்கினும் சற்றே குறைவு. இச்சிறு துகளின் மேலுறையில் நெகிழ்ந்து நிற்கும் வளையம் ஒன்று உண்டு. உயிரணுவைப் பற்றுவதற்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்கள் அவ்வளையத்தில் பெரும்பாலும் மாறாது நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்த அமினோ அமிலங்களோ எளிதில் மாறுகின்றன. உடலின் எதிர்ப்புப் பொருள்களிற் பல, துருத்தி நிற்கும் இப்பகுதியையே குறிவைக்கின்றன. சூழ்ந்தவை மாறியவுடன் பழைய எதிர்ப்புப் பொருளின் பிடி தளர்கிறது. வைரஸ் உயிரணுவைப் பற்றும் ஆற்றலோ குன்றுவதில்லை.

நான்காவது, ஒளிந்து வாழுதல். நோயிலிருந்து மீண்ட மாடுகளிற் பல, 28 நாட்களுக்குப் பின்னும் தொண்டையின் உட்புறத்தில் வைரஸைத் தாங்கியிருக்கின்றன. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நிறைந்திருக்கும்போதே இது நிகழ்கிறது. சில மாடுகளில் இந்நிலை ஆண்டுக்கணக்கிலும் நீடிப்பதுண்டு. ஊசி போட்ட மாடும், பின்னர் வைரஸ் தொற்றினால், நோய்க்குறி ஏதுமின்றி இவ்வாறு தாங்கி நிற்கலாம். இத்தகைய பசுக்கள் பிறவற்றுக்கு நோயைத் தருவது சோதனைகளில் ஐயந்திரிபறக் காட்டப்படவில்லை. எனினும் தொண்டையில் தங்கிய வைரஸ் அங்கும் உருமாறிக்கொண்டே இருக்கிறது என்பது கண்டறியப்பட்ட உண்மையாகும்.

ஏழு வகையும் எண்ணற்ற கிளைகளும்

இவ்வுருமாற்றத்தின் விளைவாக உலகில் கோமாரி வைரஸ் ஏழு பெரும் வகைகளாகப் பிரிந்துள்ளது. வல்லே, கார்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் 1922 இல் 'ஓ', 'ஏ' என இரு வகைகளைப் பிரித்தறிந்தனர். ஜெர்மனியின் வால்டுமன் 1926 இல் 'சி' வகையைக் கண்டார். 'ஸாட்' எனப்படும் மூன்று வகைகளும் 'ஆசியா 1' வகையும் பின்னர் அறியப்பட்டன. ஒரு வகைக்கு எதிரான தடுப்பாற்றல் மற்றொரு வகையைத் தடுப்பதில்லை. 'ஓ' வகைக் கோமாரி வந்து தேறிய மாடு, அடுத்த மாதமே 'ஏ' வகையால் வீழலாம். இந்தியாவில் 'சி' வகை 1995 க்குப் பின் காணப்படவில்லை. ஆதலின் 'ஓ', 'ஏ', 'ஆசியா 1' ஆகிய மூன்று வகைகளும் சேர்ந்த மருந்தே இங்கு ஊசியாகப் போடப்படுகிறது.

ஒரே வகைக்குள்ளும் கிளைகள் பல. அக்கிளை வேற்றுமை அதிகமாயின், அதே வகையைக் கொண்டு செய்த மருந்தும் வலிமை குன்றும். இதற்கு இந்திய நாட்டிலேயே தக்க சான்று உண்டு. 2002-03 ஆம் ஆண்டுகளில் 'ஏ' வகையில் ஒரு புதிய பிரிவு தலையெடுத்தது. அதன் மேலுறையின் மூன்றாம் புரதத்தில் 59 ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று அறவே விடுபட்டிருந்தது. அவ்விடம் எதிர்ப்புப் பொருள்கள் பற்றும் இடங்களுள் ஒன்று. ஒரேயொரு அமினோ அமிலத்தின் இழப்பு அந்தப் பிரிவுக்கு வேறு உரு அளித்தது. களத்திலிருந்து வந்த கொப்புளத் தோலை இந்திய விஞ்ஞானிகள் பரிசோதித்ததனாலேயே இது வெளிப்பட்டது. எத்துணை மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது என்னும் கணக்கினை எவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பினும் இது தெரிந்திராது.

மற்றொரு சான்று உலகறிந்தது. 1990 இல் வட இந்தியாவில் முதன்முதல் காணப்பட்ட 'ஓ' வகையின் கிளை ஒன்று, பின்னர் 'பான் ஆசியா' எனப் பெயர் பெற்று, 2000 இல் ஜப்பானையும் தென் கொரியாவையும், 2001 இல் பிரிட்டனையும் அடைந்தது. பிரிட்டனில் அவ்வாண்டு நோயை ஒழிக்கும் பொருட்டு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. இக்கிளையின் பயணத்தை நாடு நாடாகப் பின்தொடர முடிந்ததும் மாதிரிகளை ஒப்பிட்டதனாலேயே.

வெக்கை நோய் தந்த பாடம்

கோமாரியை ஒழிக்க இயலுமா என்று ஐயுறுவோர், வெக்கை நோய் ஒழிந்ததை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு காலத்தில் இந்தியாவின் மாட்டுச் செல்வத்தையே சூறையாடிய அந்நோய், 1995 க்குப் பின் இந்நாட்டில் தோன்றவில்லை. 2006 இல் இந்தியா அதினின்று விடுபட்டதாக அங்கீகரிக்கப்பட்டது. 2011 இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இரண்டு வைரஸ்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை பெரிது. வெக்கை வைரஸ் தடுப்பாற்றலைப் பொறுத்தவரை ஒரே வகையினது. உலகின் எம்மூலையில் தயாரித்த மருந்தாயினும் எம்மூலையிலும் பயன்பட்டது. ஒரு முறை நன்கு போட்ட ஊசி நெடுங்காலம் காத்தது. கோமாரி மருந்தோ கொல்லப்பட்ட வைரஸினால் ஆனது. அது தரும் காவல் ஏறத்தாழ ஆறு மாதமே நிற்பதால், மீண்டும் மீண்டும் போடவேண்டியதாகிறது.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உருமாறாத வெக்கை நோயையும் ஊசி மட்டும் ஒழித்துவிடவில்லை. இறுதிக் கட்டத்தில் ஊசியை நிறுத்திவிட்டு, ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று நோயைத் தேடினர். ஐயத்துக்குரிய ஒவ்வொரு மாட்டையும் பரிசோதித்து, நோய் இல்லை என்பதை நிலைநாட்டினர். ஒரே உருவுடைய பகைவனையே தேடித் திரியவேண்டியிருந்தது எனின், பல உருவுடைய பகைவனைத் தேடாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஊசி போட்டும் நோய் வருவது ஏன்?

'ஊசி போட்டும் என் மாட்டுக்கு நோய் வந்துவிட்டதே' என்று கிராமத்தார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரே விடை இல்லை. கோமாரி மருந்தின் ஆற்றல் முழு வைரஸ் துகளின் வடிவத்தைச் சார்ந்தது. 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்காவிடில் துகள் சிதைந்து மருந்து வீணாகும், உறைந்துபோனாலும் கெடும். கன்றுக்கு முதல் ஊசி போட்டு ஒரு மாதத்துக்குப் பின் இரண்டாம் ஊசி தவறினால் காவல் உறுதிப்படாது. ஊரில் கணிசமான மாடுகள் விடுபட்டால் வைரஸ் அவற்றிடையே வாழும். ஊசி போட்ட மறுநாளே நோய் கண்டால், தொற்று முன்னரே நேர்ந்திருத்தல் கூடும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் நோய் வந்தால், வைரஸ் உருமாறியதோ என்று ஐயுறவேண்டும்.

இக்காரணங்களுள் எது உண்மை என்பதை மாட்டைப் பார்த்து மட்டும் கூறிவிட முடியாது. எவ்வகை வைரஸானாலும் கொப்புளம் ஒன்றுபோலவே இருக்கும். பரிசோதனையின்றி மருந்தைப் பழிப்பதும் தவறு. மாட்டுக்காரரைப் பழிப்பதும் தவறு.

மாதிரி அனுப்புவதன் அவசியம்

ஆகவே கொப்புளத் தோலின் மாதிரியே இப்போராட்டத்தில் கண் போன்றது. தடுப்பு மருந்து முன்னொரு காலத்து வைரஸின் உருவத்தைக் கொண்டு செய்யப்படுவது. இன்று ஊரில் உலவும் வைரஸின் உருவம் நோயுற்ற மாட்டின் வாயில் மட்டுமே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே, மருந்து இன்னும் பொருந்துகிறதா, மாற்றப்படவேண்டுமா என விஞ்ஞானிகள் கூற இயலும். புவனேசுவரத்தை அடுத்த அருகுலில் இயங்கும் தேசிய நிறுவனம் இப்பணியைச் செய்கிறது. ஆயினும் களத்திலிருந்து வாராத வைரஸை எந்நிறுவனத்தாலும் ஆராய முடியாது.

மாதிரி எடுப்பது கடினமான கலையன்று. புதிதாக எழுந்த, உடையாத அல்லது அப்போதே உடைந்த கொப்புளத்தின் மேல்தோல் ஒரு கிராம் அளவேனும் வேண்டும். அதனைப் பாதிக் கிளிசரினும் பாதிப் பாஸ்பேட் உப்புக் கரைசலும் கலந்த நீரில் இட்டு, பனிக்கட்டியில் வைத்து விரைந்து அனுப்பவேண்டும். இவ்வைரஸ் அமிலத்தில் எளிதில் மடிவதால், கரைசலில் புளிப்புத்தன்மை சிறிதும் இருத்தலாகாது. மாட்டின் காதுவில்லை எண், ஊர், நாள், கடைசியாக ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்கவேண்டும். பணி முடிந்ததும், 100 பங்கு நீருக்கு 4 பங்கு சலவைச் சோடா கலந்த கரைசலால் காலணியையும் கருவிகளையும் கழுவுதல் அவசியம். ஊழியரின் காலணியே அடுத்த ஊருக்கு நோயைச் சுமந்து செல்வதுண்டு. நோய் கண்ட ஊரைச் சுற்றி ஊசி போடும்போது வெளிவட்டத்து ஊர்களில் தொடங்கி உள்நோக்கி வருவதும் இதுபற்றியே.

இவ்வளவு எளிய பணி பல இடங்களில் நிகழாமைக்கு ஊழியரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நேர்மையாகாது. காரணங்கள் வேறு. முதலாவது, வேலைப்பளு. ஒரே ஊழியர் ஊசி போடவும், காதுவில்லை பொருத்தவும், கணக்கெழுதவும் வேண்டியிருக்கையில், பனிக்கட்டி தேடி மாதிரி அனுப்ப நேரம் எங்கே? இரண்டாவது, அச்சம். ஊசி போட்ட பகுதியில் நோய் வந்தது என எழுதினால், அது தன் பணியின் குறையாகக் கருதப்படுமோ என்று ஊழியர் தயங்குவது இயல்பே. மூன்றாவது, மௌனம். அனுப்பிய மாதிரியின் முடிவு அனுப்பியவருக்குத் திரும்பி வாராவிடில், அடுத்த முறை அனுப்ப ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்?

இம்மூன்றுக்கும் பரிகாரம் நிர்வாகத்தின் கையில் உள்ளது. ஊசியின் எண்ணிக்கையோடு, காலத்தே எடுத்து அனுப்பப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும் நற்பணியாகக் கணக்கிடப்படவேண்டும். நோயை முதலில் தெரிவித்த ஊழியர் குற்றஞ்சாட்டப்படாமல் பாராட்டப்படவேண்டும். பரிசோதனை முடிவு, 'ஓ' அல்லது 'ஏ' என்னும் ஓரெழுத்தேயாயினும், அம்மாதிரி எடுக்கப்பட்ட மருந்தகத்துக்கும், அங்கிருந்து அந்த மாட்டுக்காரரின் வீட்டுக்கும் சென்று சேரவேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் சீர்திருத்தமன்று. இலட்சக்கணக்கான ஊசிகளுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது காப்பதற்கான சிறு காப்பீடு என்றே இதனைக் கொள்ளலாம்.

ஊசிப் பணியைக் குறைத்துவிட்டு மாதிரியைத் தேடவேண்டும் என்பது இதன் பொருளன்று. 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. இவற்றைக் காக்க ஊசியே முதற்கவசம். வைரஸ் பல்குவதற்கு எத்துணை மாடுகள் குறைவாகக் கிடைக்கின்றனவோ, அத்துணைக் குறைவாகவே அது உருமாற வாய்ப்பும் பெறும். ஆயினும் அக்கவசம் இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருத்தல் அதற்கு இணையான கடமையாகும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது

மாடுகளின் நடமாட்டமே இவ்வைரஸின் வாகனம். சந்தை, திருவிழா, இடம்பெயரும் மந்தை ஆகியவை அதற்கு வழி திறக்கின்றன. தீபாவளியை ஒட்டி ஹைதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் நடைபெறும் சதர் விழாவில், ஹரியானா போன்ற தொலை மாநிலங்களிலிருந்தும் கொண்டுவரப்படும் முர்ரா எருமைக்கடாக்கள் மாலையிட்டு ஊர்வலம் விடப்படுகின்றன. யாதவ மக்களின் பெருமைக்குரிய அவ்விழாவைத் தடுக்கவேண்டுவதில்லை. புறப்படுமுன் உரிய காலத்தில் ஊசி, வந்தபின் சில நாள் தனிக்கொட்டில், வாயும் குளம்பும் பார்த்தல் ஆகிய மூன்றும் இருந்தால் விழாவும் சிறக்கும், மந்தையும் நலமுறும்.

இவற்றை மக்களிடம் கொண்டு செல்லத் தக்கவர் பள்ளி ஆசிரியர்களே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏன் ஊசி என்று கேட்கும் மாணவனுக்குப் படியெடுத்தலின் பிழையை எளிதில் விளக்கலாம். ஒரு வாக்கியத்தை ஒருவர் காதில் ஒருவராக முப்பது மாணவர்கள் சொல்லி வரச் செய்தால், கடைசியில் அது எவ்வாறு மாறி வருகிறது என்பதை வகுப்பே கண்டு சிரிக்கும். வைரஸின் உருமாற்றமும் அவ்வாறே தொடங்குகிறது என்பதை அச்சிறுவர் மறவார். வாயில் நுரை தள்ளும் மாட்டை மறைத்து வைக்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்னும் செய்தி, மாணவர் வாயிலாக வீட்டுக்குச் சென்றால் தந்தையரும் செவிசாய்ப்பர்.

கோமாரி வைரஸுக்கு அறிவு கிடையாது, திட்டமும் கிடையாது. பிழைகளைப் பெருக்கிப் பிழைப்பதொன்றே அதன் வழி. அதனை எதிர்ப்போர்க்கோ பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆற்றல் உண்டு. அடுத்த சுற்று ஊசிக்குப் புறப்படும் ஒவ்வொரு ஊழியரின் குளிர்ப்பெட்டியிலும், மருந்துப் புட்டிகளுக்கு அருகே மாதிரிக் கரைசல் நிரம்பிய சிறு புட்டி ஒன்றும் இடம்பெறுமாயின், இந்நோயை ஒழிக்கும் நாள் அத்துணைத் தொலைவில் இராது.